கோபுரம் ஓய்ந்தாலும் கடந்து செல்லும் செய்தி



பாலகாட்டிலோ, மாரிக்குப்பத்திலோ, சாம்பியன் ரீஃபிலோ சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் எவரேனும் உங்கள் சபையில் இருப்பாரானால், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவரருகே சற்று அமர்ந்து மணியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆலய மணியை அல்ல, சுரங்கத்தின் மணியை.

மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிய தங்கவயல் சுரங்கங்களில், மேலே இயந்திரத்தை இயக்குகிறவரால் கூண்டைக் காண இயலாது. கூண்டில் நிற்கிறவரின் குரலும் அவருக்கு எட்டாது. இருவருக்கும் நடுவே இருந்தது மணியோசை. எத்தனை முறை ஒலித்தது என்பதைக் கொண்டே ஏற்றுவதா, இறக்குவதா, ஆட்கள் ஏறுகிறார்களா என்பதை மேலே இருப்பவர் அறிந்துகொள்வார். கூண்டு ஓடிக்கொண்டிருக்கையில் ஒரே ஒரு மணி ஒலித்தால், நிறுத்து என்று பொருள். மணி இருந்த இடத்திற்கு அப்பால், பாறையைக் குடைந்து சென்ற நீண்ட வழிகளில், செய்தியை ஒருவர் அடுத்தவரிடம் சொல்ல, அவர் அதற்கடுத்தவரிடம் சொல்ல, கடைசியில் நிற்பவர் மணியை அடிக்க வேண்டியிருந்தது. இடையில் ஒருவர் மறந்தாலும், தவறாகச் சொன்னாலும், அதன் விலை ஒரு மனித உயிராக இருக்கக் கூடும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இந்தப் பாறைக்குள் இறங்கிய நம் முன்னோர் இவ்வொழுங்கிலேயே தலைமுறை தலைமுறையாய் உழைத்தார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயலின் வாழ்வு இரயிலில் ஏறிற்று. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் வண்டிகளில் ஒவ்வொரு நாளும் விடியுமுன்னே ஏறிச் சென்று இரவில் திரும்புகிறவர்களில் இவ்விதழின் வாசகர்கள் அநேகர் இருக்கிறீர்கள். நகரத்திலேயே குடியேறிவிட்டவர்களும் உண்டு. வீட்டாருக்கும் உங்களுக்கும் இடையே இப்பொழுது மணிக்கயிறு இல்லை, கைபேசி இருக்கிறது. அந்தக் கைபேசியைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பக்கத்து இருக்கைக்கு ஒரு நெடும் பயணம்

இரயில் பெட்டியில் உங்களுக்கு எதிரே அமர்ந்திருக்கும் சகோதரருக்கு நீங்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அவருக்கும் இடைவெளி நான்கு அடி. ஆனால் அச்செய்தி முதலில் வெளியே எங்கோ நிற்கும் கோபுரத்திற்குச் செல்கிறது. அங்கிருந்து கம்பி வழியாக நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. பிரபலமான செயலிகளாக இருந்தால் அந்தக் கணினி வேறொரு தேசத்திலும் இருக்கலாம். பின்பு அதே நெடுவழியைத் திரும்பக் கடந்து, எதிர் இருக்கைக்கு வந்து சேருகிறது. கோபுரத்திற்கு மின்சாரம் நின்றாலும், நடுவே கம்பி அறுந்தாலும், நான்கு அடி தூரத்திலுள்ள இரண்டு கைபேசிகளும் ஊமையாகிவிடுகின்றன.

இது கற்பனை அல்ல. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. மாடியில் ஏறி நின்றவர்களின் கைகளில் கைபேசி இருந்தது. அடுத்த தெருவில் படகோடு நின்றவர்களின் கைகளிலும் கைபேசி இருந்தது. ஒன்று மற்றொன்றோடு பேச இயலவில்லை.

இத்தனைக்கும் ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் கோபுரத்தின் உதவியே இல்லாமல் பேசக்கூடிய சிறிய வானொலிக் கருவிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று புளூடூத், மற்றொன்று வைஃபை. பாட்டுக் கேட்கவும் படம் அனுப்பவும் மட்டுமே நாம் அவற்றைப் பயன்படுத்துகிறோம். அவற்றைக் கொண்டே கைபேசிக்குக் கைபேசி நேராகச் செய்தி செல்லும்படி செய்தால் என்ன? முதல் கைபேசியின் எல்லைக்குள் இரண்டாவது, இரண்டாவதின் எல்லைக்குள் மூன்றாவது என்று சுரங்கத்தில் செய்தி கைமாறியதுபோல் அது சென்றால் என்ன? இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு உலகின் பல மூலைகளில் தன்னார்வலர்கள் உழைத்து வருகிறார்கள். அவர்களுக்குத் துணை தேவைப்படுகிறது.

சமாரியாவின் வாசலில்

2 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். முற்றிக்கையிடப்பட்ட சமாரியாவில் பஞ்சம். வாசலுக்கு வெளியே குஷ்டரோகிகள் நால்வர். சீரியரின் பாளயம் வெறுமையாய்க் கிடப்பதையும் அங்கே ஆகாரம் நிறைந்திருப்பதையும் கண்டவர்கள் அவர்களே. நகருக்குள் நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை. ஆகவே வாசல் காக்கிறவனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வாசல் காக்கிறவர்கள் உள்ளே அரமனைக்கு அறிவித்தார்கள். இராஜா உடனே நம்பிவிடவில்லை. இது பகைவரின் தந்திரமாயிருக்கலாம் என்று ஐயுற்று, ஆட்களை அனுப்பிச் சோதித்தறிந்தான். அதன்பின்னரே ஜனங்கள் வெளியே புறப்பட்டார்கள்.

நாம் பொதுவாக அந்த நால்வரின் மனமாற்றத்தோடு பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். வாசல் காத்தவர்களைக் குறித்து எவரும் பேசுவதில்லை. செய்தி அவர்களுடையது அல்ல. அவர்கள் அதைக் கண்ணால் கண்டதும் இல்லை. கேட்டதை அடுத்தவரிடம் சேர்த்ததே அவர்கள் செய்த வேலை. அந்த ஒரு கண்ணி அறுந்திருந்தால் நகரம் பட்டினியிலேயே கிடந்திருக்கும். ரோமாபுரியாருக்கு எழுதப்பட்ட நிருபத்தைக் கெங்கிரேயா சபையின் பெபேயாள் சுமந்து சென்றதாகவே சபை நெடுங்காலமாய் நம்பி வருகிறது. எழுதினவர் பெயரை உலகம் அறியும். சுமந்த சகோதரிக்கு இரண்டு வசனங்கள்.

நான் சொல்லவரும் செயலியில் உங்கள் கைபேசி வகிக்கும் பங்கும் இதுவே. அயலார் ஒருவர் மற்றொரு அயலாருக்கு எழுதிய செய்தி, முத்திரையிட்ட உறைபோல, திறக்கக்கூடாத மறைமொழியில் உங்கள் கைபேசிக்குள் வந்து சிறிது நேரம் தங்கும். அடுத்த கைபேசி எல்லைக்குள் வந்ததும் கடந்து செல்லும். உங்களால் அதைப் படிக்க இயலாது. யாருக்கு என்றும் பெரும்பாலும் அறியமாட்டீர்கள்.

தொட்டபல்லாபூரில் ஓடிய பேருந்து

இம்முயற்சிகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டுமே உரியவை என்று எண்ணவேண்டாம். நம் கர்நாடகத்திலேயே, பெங்களூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள தொட்டபல்லாபூர் தாலுகாவில் 2003 வாக்கில் ஒரு சோதனை நடந்தது. அதற்கு டாக்நெட் என்று பெயரிட்டார்கள். டாக் என்றால் அஞ்சல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லண்ட், ரிச்சர்ட் ஃபிளெட்சர், அமீர் ஹாசன் ஆகியோர் அதைப் பற்றி 2004 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செய்தது இதுதான்: ஓர் அரசுப் பேருந்தில் வைஃபைப் பெட்டியைப் பொருத்தினார்கள். பேருந்து ஒரு கிராமத்தின் கணினி மையத்தைக் கடக்கும்போது அங்கே காத்திருந்த விண்ணப்பங்களும் கடிதங்களும் தாமாகவே பெட்டியில் ஏறின. இணைய வசதியுள்ள ஊரை அடைந்ததும் இறங்கின. பதில்களும் அவ்வாறே திரும்பிச் சென்றன. பூமி என்னும் நிலப்பதிவுத் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டிருந்தது. கிராமத்திற்குக் கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை, பேருந்தே கம்பியாயிற்று. கம்போடியாவின் ரத்னகிரி மாகாணத்தில் இதே வேலையை மோட்டார் சைக்கிள்கள் செய்தன.

மாரிக்குப்பம் வண்டியில் தினமும் சென்று திரும்புகிறவர்கள் இதை ஒருகணம் சிந்தித்துப் பாருங்கள். பாலகாட்டில் ஏற்றுக்கொண்ட செய்தியைப் பெங்களூரில் இறக்கக்கூடிய எத்தனை கைபேசிகள் ஒவ்வொரு காலையும் அவ்வண்டியில் பயணம் செய்கின்றன!

அடுத்த ஆண்டே வேறொரு பாடம் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து வெளியுலகத்தாரோடு வானொலியில் பேசும் பொழுதுபோக்குக்காக உரிமம் பெற்று வந்திருந்தவர்கள் அவர்கள். தீவுகளில் தொலைபேசி அற்றுப்போன நிலையில், பொழுதுபோக்கை விட்டுவிட்டு, உயிரோடிருப்பவர்களின் பெயர்களையும் நலத்தையும் நிலப்பகுதியிலுள்ள உறவினருக்குச் சேர்க்கும் பணியில் இறங்கினார்கள். அதே நாட்களில் இலங்கையின் கணினி வல்லுநர்கள் சம்பளமின்றி ஒன்றுகூடி, காணாமற்போனோர் பட்டியலையும் முகாம்களின் தேவைகளையும் ஒழுங்குபடுத்த ஒரு மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. நமக்கு அது ஓர் இராகத்தின் பெயர், சிங்களத்திலோ ஆறுதல், நிவாரணம் என்று பொருள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010இல் எயிட்டிப் பூகம்பத்திலும் அது பயன்பட்டது. பேரிடர் வந்தபின் எழுதத் தொடங்கியும் இவ்வளவு செய்தார்கள். முன்னதாகவே எழுதி வைத்திருந்தால் எவ்வளவு செய்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

எழுந்ததும் விழுந்ததும்

எயிட்டிப் பூகம்பத்தைக் கண்டு மனம் நொந்தவர்களில் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் கார்ட்னர்-ஸ்டீபன் ஒருவர். கோபுரங்கள் விழுந்தபின்பும் கைபேசிகள் தங்களுக்குள் பேசவேண்டும் என்று 2010இல் செர்வல் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். கோபுரமே இல்லாத ஆர்க்காரூலா என்ற வனாந்தரப் பகுதியில் அதைச் சோதித்தார்கள். அவர்களுக்கு எதிராய் நின்றது வானிலையோ தூரமோ அல்ல. கைபேசிகள் ஒன்றோடொன்று நேராக வைஃபையில் பேசும் வசதி, விற்பனைக்கு வரும் கைபேசிகளில் பூட்டப்பட்டிருந்தது. பூட்டை உடைக்க வல்லவர்கள் மட்டுமே முழுப்பயனைப் பெற முடிந்தது.

2014இல் ஃபயர்சாட் என்னும் செயலி வெளிவந்து, ஹாங்காங் வீதிகளில் கூடிய இளைஞரிடையே வேகமாய்ப் பரவிற்று. இன்று அது இல்லை. நடத்திய நிறுவனம் விட்டுவிட்டபோது அதை எடுத்து நடத்த எவருக்கும் வழியில்லாமற்போயிற்று.

பிரையர் என்னும் செயலி வேறு வகையைச் சேர்ந்தது. அதன் நிரல் முழுவதும் யாவரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. 2017இல் வெளியாரைக் கொண்டு அதன் பாதுகாப்பைச் சோதித்து, 2018இல் முதல் முழு வடிவத்தை வெளியிட்டார்கள். கைபேசிகளில் ஆன்ட்ராய்டு வகையில் மட்டுமே இயங்கும். இருவர் நேரில் சந்தித்து, ஒருவர் கைபேசியிலுள்ள கட்டச்சின்னத்தை மற்றவர் படம்பிடித்து அறிமுகமாகலாம் என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். தொலைவிலிருந்தும் சேரலாம் என்றாலும், முகமுகமாய்க் கண்டவரே உறுதியானவராகக் கருதப்படுவார்.

2025 ஜூலையில் ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சி, பிட்சாட் என்ற செயலியை வெளியிட்டார். புளூடூத் வழியாகச் செய்தி ஏழு கைகள் வரை மாறிச் செல்லும். ஆப்பிள் கைபேசிக்கு முதலில் வந்தது. ஆன்ட்ராய்டு வடிவத்தைத் திறந்த முறையில் பிறர் எழுதிச் சேர்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நேபாளத்தில் கொந்தளிப்பு உண்டானபோது ஆயிரக்கணக்கானோர் அதைத் தரவிறக்கினார்கள்.

முத்திரை மெய்யானதா?

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. பிரிட்ஜ்ஃபை என்னும் செயலி 2019இல் ஹாங்காங்கில் பெரிதும் பயன்பட்டது. பாதுகாப்பானது என்று நம்பி மக்கள் அதில் எழுதினார்கள். 2020இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து, செய்திகளை நடுவே இருப்பவர் படிக்கலாம், ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதலாம், ஒரே செய்தியால் முழு வலையையும் முடக்கலாம் என்று காட்டினார்கள். நிறுவனம் திருத்தம் செய்தது. 2022இல் மறுபடியும் குறைகளைக் கண்டார்கள். பிட்சாட் வெளிவந்த சில நாட்களிலும், பிறர் பெயரில் நுழைய இடமிருப்பதாக ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். வெளியார் எவரும் இதை இன்னும் சோதிக்கவில்லை, முக்கியமான செய்திகளுக்கு இதை நம்பவேண்டாம் என்ற அறிவிப்பை அதன்பின் திட்டத்தாரே சேர்த்தார்கள்.

செய்தியைக் கேட்டவுடன் நம்பாமல் ஆளனுப்பிச் சோதித்த சமாரியாவின் இராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். இச்செயலிகளுக்கு நம்மால் செய்யக்கூடிய பெரிய உபகாரம் புகழ்ச்சி அல்ல, சோதனையே.

சட்டத்தைக் குறித்தும் அறிந்திருக்க வேண்டும். 2023 மே மாதத்தில், ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் காரணம் கூறி, 14 செயலிகளை மத்திய அரசு தடைசெய்தது. பிரையர் அப்பட்டியலில் இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் ஒருவர் இதை எதிர்த்து அம்மாநில உயர் நீதிமன்றத்தை நாடினார். அதே மே மாதம் 3ஆம் தேதி முதல் மணிப்பூரில் இணையம் நிறுத்தப்பட்டு மாதக்கணக்கில் நீடித்ததையும், அங்குள்ள விசுவாசிகளுக்காக நம் சபைகள் உபவாசித்து ஜெபித்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தீயவர் கையிலும் எளியவர் கையிலும் ஒரே கருவி இருக்கிறது என்பதே இதிலுள்ள துயரம். என் எண்ணத்தில், ஒரு நல்ல கத்தியைக் கொலைகாரனும் வாங்கலாம் என்பதற்காகக் கொல்லன் பட்டறையை மூடுவது தீர்வாகாது. எனினும் தடையிலுள்ள செயலியைக் குறுக்கு வழியில் நிறுவும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன். எந்தத் திட்டத்தில் கைவைக்குமுன்னும் அதன் அன்றைய சட்ட நிலையை விசாரித்தறியுங்கள்.

இது ஊழியமா?

இப்படிக் கேட்கும் மூப்பர்கள் உண்டு. கேட்பது நியாயமே. கைபேசியினால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பிரசங்கிக்கும் நாம், கைபேசிக்காக உழைக்கும்படி அவர்களை அனுப்பலாமா?

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் பெயர் சொல்லி முதலில் குறிப்பிடுகிறது ஒரு தீர்க்கதரிசியை அல்ல, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலைசெய்த பெசலெயேல் என்னும் கைவினைஞனை. ஆவியின் நிறைவைக் குறித்து இவ்வளவு பேசும் நாம் இந்த அதிகாரத்தை இவ்வளவு வேகமாய்க் கடந்து செல்வது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நெகேமியா 3ஆம் அதிகாரத்திலோ, மதிலைக் கட்டினவர்களில் கொத்தர் மட்டும் இல்லை. ஆசாரியரும், தைலக்காரரும், சல்லூமின் குமாரத்திகளும், தட்டார்களும் கட்டினார்கள். தங்கவயலில் பிறந்தவர்கள் அந்தத் தட்டார்களைக் கவனியாமல் போகலாமா! அடுத்த அதிகாரத்தில், மதில்மேல் ஒருவருக்கொருவர் தூரமாய்ச் சிதறி நின்றவர்களுக்காக ஓர் எக்காளம் ஊதுகிறவன் நெகேமியாவின் அருகே நிறுத்தப்பட்டான். செய்தித்தொடர்பு அந்தக் கட்டடப் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இதைச் சுவிசேஷக் கைப்பிரதியாக மாற்றிவிடவும் கூடாது. வெள்ளத்தில் நிற்பவன் எந்த மதத்தானாயிருந்தாலும் அவன் செய்தி கடந்து செல்லவேண்டும். நல்ல சமாரியன் காயங்கட்டுமுன் கேள்வி கேட்கவில்லை.

உங்கள் கையில் இருப்பது என்ன?

நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் இரவும் பகலும் வேலைசெய்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. வேலையில் சேரும்போது கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஓய்வுநேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்திற்கே உரியது என்று சில ஒப்பந்தங்கள் கூறும். எழுத்துமூலமாக அனுமதி பெற்றபின் தொடங்குங்கள். தொடக்கத்திலேயே பெரிய மாற்றங்களைச் செய்ய முனையாமல், பிறர் அறிவித்த சிறு பிழை ஒன்றைத் திருத்தி அனுப்புங்கள்.

நிரல் அறியாதவர்களுக்கே வேலை அதிகம். முதலாவது, மொழிபெயர்ப்பு. செயலியில் தோன்றும் சிறு சிறு வாக்கியங்களைத் தமிழாக்க வேண்டும். இதை அகராதியைக் கொண்டு செய்தால் விபரீதமாகும். எல்லைக்குள் வேறு கைபேசி இல்லை என்பதைச் சொல்லும் ஓர் ஆங்கில அறிவிப்பை, சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஒருவர், இணையர் காணப்படவில்லை என்று எழுதினால் என்னவாகும்? மழையிரவில் அதைப் படிக்கும் ஒரு தாயார் தம் கணவரைத்தான் காணவில்லை என்று அலறிவிடுவார். அருகில் எந்தக் கைபேசியும் இல்லை, சற்று நடந்து பாருங்கள் என்று எழுதத் தெரிந்த சகோதரி நமக்கு வேண்டும். தங்கவயலில் வளர்ந்தவர்களுக்குத் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் நாவில் உண்டு. இப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது.

இரண்டாவது, சோதனை. தொலைதேசத்தில் அமர்ந்து எழுதுகிறவரின் மேசைமேல் புதிய, விலையுயர்ந்த கைபேசிகள் இருக்கலாம். உங்கள் கையில் இருப்பது ஐந்து வருடம் உழைத்து, திரையில் கீறல் விழுந்து, மின்கலம் தளர்ந்த கைபேசி. வெள்ளத்தில் மாடியில் நிற்பவரின் கையிலும் அதுவே இருக்கும். ஆகவே உங்கள் சோதனை அவருக்குப் பொன்னைப்போன்றது.

எப்படிச் செய்வது? ஒரு சனிக்கிழமை மாலை, வெவ்வேறு நிறுவனங்களின் கைபேசிகளோடு நான்கு பேர் கூடுங்கள். இணையம் உள்ளபோதே செயலியை நிறுவி, ஒருவரையொருவர் நேரில் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னிகைகளின் உவமையை இங்கே நினைவுகூருவது தகும். கோபுரம் ஓய்ந்தபின் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போக முடியாது. பின்பு நான்கு கைபேசிகளையும் ஃபிளைட் மோடில் வைத்து, புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்குங்கள். ஒருவர் லைன் வீடுகளின் ஒரு முனையில் நிற்க, மற்றவர் பத்துப் பத்து அடியாய் விலகிச் சென்று, 1, 2, 3 என்று எண்ணிட்ட செய்திகளை அனுப்பட்டும். எந்த எண் வந்து சேரவில்லை என்பதைக் குறியுங்கள். அவ்விடத்திலேயே நடுவில் மூன்றாமவரை நிறுத்தி மறுபடி அனுப்புங்கள். தகரக் கூரையும் தகரத் தடுப்பும் இவ்வலைகளைத் தடுக்கும். கூட்டமாய் நிற்கும் மனித உடல்களும் தடுக்கும், ஏனெனில் நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்.

அடுத்து, கைபேசியின் திரையை மட்டும் அணைத்துச் சட்டைப்பையில் கால்மணி நேரம் வைத்துவிட்டு, செய்தி வருகிறதா என்று பாருங்கள். அநேக செயலிகள் இங்கேதான் தோற்கின்றன. மின்கலத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, திரை அணைந்ததும் கைபேசியே செயலியை நிறுத்திவிடும். ஆப்பிள் கைபேசிகளில் இக்கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஒரு மணி நேரத்தில் மின்கலம் எத்தனை சதவீதம் இறங்கிற்று என்பதையும் எழுதுங்கள். பேரிடர் நாளில் மின்சாரம் இராது என்பதால், இந்த ஓர் எண் எழுதுகிறவர்களுக்கு மிகவும் தேவையானது.

அறிக்கை எழுதும்போது மூன்றைச் சொன்னால் போதும். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. கைபேசியின் மாதிரியையும் ஆன்ட்ராய்டு எண்ணையும் சேருங்கள். அதே குறையைப் பிறர் முன்பே அறிவித்திருக்கிறார்களா என்று திட்டத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிவிட்டு, இல்லையானால் புதிதாக எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை; எண்கள் சரியாயிருக்கட்டும். பதில் வரத் தாமதிக்கும். அவர்களும் வேறு பிழைப்போடு இதைச் செய்கிறவர்களே.

பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில், மாரிக்குப்பம் வண்டியில் ஒரு சோதனை செய்துபாருங்கள். முதல் பெட்டியில் ஒருவர், மூன்றாம் பெட்டியில் ஒருவர், நடுப்பெட்டியில் ஒருவர். இரும்புச் சுவர்களையும் நெருங்கி நிற்கும் பயணிகளையும் தாண்டிச் செய்தி கடக்கிறதா? பங்காரப்பேட்டை வரையிலான தூரம் இதற்குப் போதும். முதியவர் ஒருவர் உடன் வந்தால், குறிப்பேட்டை அவரிடம் கொடுங்கள். சுரங்கத்தில் மணியை எண்ணிப் பழகியவர் அவர். எத்தனை செய்தி வந்தது, எது விடுபட்டது என்பதைத் தவறாமல் எழுதிவிடுவார்.